சி கோட் ரிவ்யூ: தோற்கும் வழியில் நடந்து பார்ப்பது எப்படி

சி கோட் ரிவ்யூவுக்கு உட்கார்ந்தால் நான் முதலில் டிஃப்பை (எந்த வரி சேர்ந்தது, எது போனது என்று காட்டும் பட்டியலை) ஓரமாக வைத்துவிடுவேன். பச்சையில் நான்கு வரி சேர்ந்திருக்கும், சிவப்பில் ஒரு வரி போயிருக்கும், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. எர்ரர் கையாளுதலிலும் மெமரியிலும் வரும் பக் பல நேரம் அந்த நான்கு வரியில் இருப்பதே இல்லை. முப்பது வரி கீழே, யாரும் தொடாத ஒரு ரிட்டர்னில் இருக்கும். நேற்றுவரை அந்த ரிட்டர்ன் சரியாகத்தான் இருந்தது. இன்று மேலே புதிதாக ஒரு மாலாக் (மெமரி வாங்கும் அழைப்பு) நுழைந்ததால் தவறாகிவிட்டது. டிஃப் வழக்கமாக மாற்றத்துக்கு மேலும் கீழும் மூன்று வரிதான் காட்டும் என்பதால், ரிவ்யூ செய்பவர் கண்ணில் அது படாமலே போய்விடும்.

இந்தச் சங்கதியில் எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம் உண்டு. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு சர்வர் சில நாளுக்கு ஒருமுறை மெமரி தீர்ந்து விழும். லாகின் கோடில் பாஸ்வேர்டு தப்பானால் போகும் வழியில் 4 கேபி பஃபர் ஒன்றை விடுவிக்காமல் ரிட்டர்ன் ஆகியிருந்தது. யாரோ எழுதிவைத்த கண்காணிப்பு ஸ்கிரிப்ட் காலாவதியான பாஸ்வேர்டுடன் ஐந்து நொடிக்கு ஒருமுறை கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 17,280 முறை, சுமார் 70 எம்பி. அதற்குக் காரணமான பேட்ச்சை (கோட் மாற்றத்தை) ரிவ்யூ செய்து "சரி" என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். பச்சை வரிகளை மட்டும் படித்திருந்தேன்.

மாலாக், ஃப்ரீ, பாயிண்டர் தெரிந்து, அடுத்தவர் எழுதிய சி கோடைப் பார்த்துச் சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: ஃபங்ஷன் முழுவதையும் திறங்கள்

கிட் டிஃப் கட்டளைக்குப் பெரிய எழுத்து டபிள்யூ ஆப்ஷன் கொடுத்தால் மாற்றம் நடந்த ஃபங்ஷன் முழுவதையும் காட்டும். இல்லையென்றால் பேட்ச்சைப் போட்டுவிட்டு எடிட்டரில் திறந்து பாருங்கள். இந்த ஃபங்ஷனை அழைப்பவர்கள் யார், அவர்கள் ரிட்டர்ன் மதிப்பை என்ன செய்கிறார்கள் என்பதையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். முன்பு எதையும் திருப்பித் தராமல் இருந்த ஃபங்ஷன் இப்போது எர்ரர் தருகிறது என்றால், பழைய அழைப்புகள் எல்லாம் அந்த எர்ரரைக் காற்றில் விட்டுக்கொண்டிருக்கும். கம்பைலர் தானாக எச்சரிக்காது. அந்த ஃபங்ஷனில் "ரிட்டர்ன் மதிப்பைப் பயன்படுத்தியே ஆக வேண்டும்" என்ற அட்ரிபியூட் போட்டிருந்தால்தான் எச்சரிக்கை வரும்.

இரண்டாம் படி: அந்த வீட்டு வழக்கம் என்ன?

ஒவ்வொரு சி ப்ராஜெக்டுக்கும் எர்ரரைப் பற்றிச் சொந்தமாக ஒரு வழக்கம் உண்டு. அது தெரியாமல் ரிவ்யூ செய்தால், தேவையில்லாத இடத்தில் குறை சொல்லிவிட்டுத் தேவையான இடத்தில் பேசாமல் இருந்துவிடுவோம்.

கிட் மென்பொருளின் சொந்தக் கோடில் எக்ஸ்-மாலாக் என்ற உறை ஃபங்ஷன் இருக்கிறது. மெமரி கிடைக்காவிட்டால் புரோகிராமையே அது நிறுத்திவிடும். ஜிலிப் நூலகத்தின் ஜி-மாலாக்கும் அப்படித்தான். அங்கே போய் "நல் பாயிண்டரைச் சோதிக்கவில்லையே" என்று எழுதினால் எழுதியவருக்கும் நேரம் வீண், நமக்கும் வீண். போஸ்ட்கிரெஸ்கியூஎல் டேட்டாபேஸ் வேறு மாதிரி. அங்கே பாலாக் என்ற ஃபங்ஷன் மெமரியை ஒரு கான்டெக்ஸ்டுக்குள் ஒதுக்கும். எர்ரர் எழுந்தால் கட்டுப்பாடு நேராக வெளியே தாவிவிடும், கான்டெக்ஸ்ட் அழியும்போது அதிலுள்ள மெமரி எல்லாம் சேர்ந்து போய்விடும். அங்கே கவனிக்க வேண்டியது மெமரியைவிட, கான்டெக்ஸ்டுக்கு வெளியே வாங்கியதைத்தான். வேறொரு நூலகம் மாலாக்கில் கொடுத்த பாயிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தாவல் நடந்தால் அதை யார் விடுவிப்பார்?

லினக்ஸ் கெர்னலில் வெற்றிக்கு 0, தோல்விக்கு மைனஸ் குறியிட்ட எர்ரர் எண். பாயிண்டர் திருப்பித் தரும் ஃபங்ஷன்களில் இரண்டு சாதி உண்டு. சில, தோற்றால் நல் தரும். சில, எர்ரர் எண்ணையே பாயிண்டருக்குள் ஒளித்துவைத்துத் தரும். இரண்டாவது வகையை "நல் பாயிண்டரா, இல்லையா" என்று மட்டும் சோதித்தால் சோதனை எப்போதும் தேறிவிடும், பிறகு அந்தப் போலி முகவரியைத் தொட்டதும் கெர்னல் விழும். புதிதாக அழைக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனையும் திறந்து அது எந்த வகை என்று பார்க்காமல் நான் நகர மாட்டேன். பெயரைப் பார்த்து ஊகிக்க முடியாது.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு பாதுகாப்பான இணைப்புக்கான நூடிஎல்எஸ் நூலகத்தில் 2014 மார்ச்சில் வெளிவந்த பக் சாட்சி. சான்றிதழ் சரியா என்று சோதிக்கும் ஒரு ஃபங்ஷன் "ஆம், இல்லை" என்று பதில் தர வேண்டியது. உள்ளே ஏதாவது தோற்றபோது அது மைனஸ் எண்ணைத் திருப்பியது. சியில் 0 அல்லாத எதுவும் "ஆம்"தான். அதனால் சோதனை நடுவழியில் முறிந்த சான்றிதழ்கூடத் தேறியதாகிவிட்டது. கெர்னலின் கோடிங் ஸ்டைல் ஆவணம் இதற்கு ஒரு நல்ல விதி வைத்திருக்கிறது: ஃபங்ஷன் பெயர் ஒரு செயலைச் சொன்னால் எர்ரர் எண் தர வேண்டும், ஒரு கேள்வியைச் சொன்னால் ஆம் இல்லை தர வேண்டும். ரிவ்யூவில் இந்த ஒரு விதியை வைத்தே நிறையப் பிடிக்கலாம்.

மூன்றாம் படி: தாளில் கணக்கு எழுதுங்கள்

இதுதான் முக்கியமான வேலை. மற்றதெல்லாம் இதற்குத் துணைதான். ஒரு தாள் எடுங்கள். ஃபங்ஷன் வாங்கும் ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதுங்கள்: மெமரி, ஃபைல், லாக் (பூட்டு), ரெஃபரன்ஸ் எண்ணிக்கை (ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு), பட்டியலில் சேர்த்த பதிவு. அப்புறம் ஃபங்ஷனைவிட்டு வெளியேறும் ஒவ்வொரு வாசலையும் எழுதுங்கள். ஒவ்வொரு வாசலிலும் நின்று கேளுங்கள்: இப்போது கையில் என்னென்ன இருக்கிறது? யாருக்கு எதைக் கொடுத்துவிட்டோம்? இந்த வாசல் எதை விடுவிக்கிறது?

ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். அமைப்புக் கோப்பு ஒன்றைப் படித்து ஒரு ஸ்டிரக்சராகத் தரும் ஃபங்ஷன். பேட்ச் வருவதற்கு முன் இப்படி இருந்தது:

ஒன்று: அமை என்ற ஸ்டிரக்சருக்குக் காலாக். கிடைக்காவிட்டால் நல் ரிட்டர்ன்.
இரண்டு: கோப்பின் பாதையை ஸ்ட்ர்டப்பால் நகலெடுத்து அமைக்குள் பெயர் என்று வைக்கிறது. தோற்றால் அமையை ஃப்ரீ செய்து நல் ரிட்டர்ன்.
மூன்று: எஃப்ஓபனால் கோப்பைத் திறக்கிறது. தோற்றால் பெயரையும் அமையையும் ஃப்ரீ செய்து நல் ரிட்டர்ன்.
நான்கு: பஃபருக்கு மாலாக். தோற்றால் "தோல்வி" லேபிளுக்கு கோ-டூ.
ஐந்து: பஃபருக்குள் கோப்பைப் படிக்கிறது. தோற்றால் தோல்வி லேபிள்.
ஆறு: பிரி என்ற ஃபங்ஷனிடம் அமையையும் பஃபரையும் கொடுக்கிறது. வெற்றியென்றால் பஃபர் அமைக்குள் தரவு என்று போய்விடும். தோற்றால் தோல்வி லேபிள்.
ஏழு: ஃபைலை மூடி அமையைத் திருப்பித் தருகிறது.
தோல்வி லேபிள்: பஃபர் ஃப்ரீ, ஃபைல் மூடல், பெயர் ஃப்ரீ, அமை ஃப்ரீ, நல் ரிட்டர்ன்.

ஒரு குறையும் இல்லை. இப்போது வரும் பேட்ச் மூன்று காரியம் செய்கிறது. காலாக் ஆனதுமே அமையை ஒரு பொதுப் பட்டியலில் சேர்க்கிறது. ஆறாம் வரிக்குப் பின் சரிபார் என்ற புதிய சோதனையை வைத்து, தோற்றால் தோல்வி லேபிளுக்கு அனுப்புகிறது. லேபிளின் கடைசி இரண்டு ஃப்ரீக்களை எடுத்துவிட்டு, பெயர், தரவு, அமை மூன்றையும் விடுவிக்கும் "அமைப்பை அழி" என்ற ஃபங்ஷனை அழைக்கிறது. மூன்றும் நியாயமான மாற்றங்கள்தான். டிஃப்பைப் பார்த்தால் கோட் முன்பைவிடத் தூய்மையாகத் தெரியும்.

தாளை எடுத்து வாசல் வாசலாக நில்லுங்கள்.

முதல் வாசலில் கையில் ஒன்றும் இல்லை, சரி. இரண்டாம் வாசலுக்கு வரும்போது அமை பட்டியலில் இருக்கிறது. பழைய கோட் அமையை ஃப்ரீ செய்துவிட்டுப் போகிறது, பட்டியலோ இன்னும் அந்த முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்து பட்டியலை நடப்பவர் விடுவித்த மெமரியைத் தொடுவார். மூன்றாம் வாசலிலும் அதே கதை. இந்த இரண்டு வாசல்களும் டிஃப்பில் சிவப்பாகவோ பச்சையாகவோ இல்லை என்பதைக் கவனியுங்கள். நான்கு, ஐந்து வழியாக லேபிளுக்குப் போனாலும் பட்டியலிலிருந்து எடுக்கும் வரி இல்லை.

ஆறாம் வாசலில் ஒரு கேள்வி எழுகிறது. பிரி தோற்றால் பஃபர் யாருடையது? தோற்கும் முன்பே தரவு என்று அமைக்குள் வைத்துவிட்டுத்தான் தோற்கிறதா? பேட்ச்சில் பதில் இருக்காது, பிரியைத் திறந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

சரிபார் தோற்கும் புதிய வாசல்தான் மோசம். அங்கே பஃபர் அமைக்குள் போய்விட்டது. ஆனால் பஃபர் என்ற லோக்கல் பாயிண்டர் இன்னும் அதே இடத்தைக் காட்டுகிறது. லேபிள் முதலில் பஃபரை ஃப்ரீ செய்யும், அப்புறம் "அமைப்பை அழி" அதையே தரவு என்ற பெயரில் இன்னொரு முறை ஃப்ரீ செய்யும். இரட்டை ஃப்ரீ. பழைய லேபிளில் இது நடந்திருக்காது, ஏனென்றால் அது தரவைத் தொடவில்லை. மாற்றங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் தப்பு தெரியாது, சேரும்போதுதான் வெடிக்கிறது.

திருத்தம் இரண்டே வரி. பட்டியலில் சேர்ப்பதைக் கடைசிக்கு, எல்லாம் முடிந்த பிறகு தோற்க முடியாத இடத்துக்குத் தள்ள வேண்டும். பிரி வெற்றியானதும் பஃபர் பாயிண்டரை நல் ஆக்க வேண்டும். கொடுத்துவிட்டால் கையைக் காலி செய்துவிடுவது என்பதை ஒரு பழக்கமாகவே கேட்டு வாங்குங்கள். ஃப்ரீக்கு நல் கொடுத்தால் ஒன்றும் ஆகாது என்று சி ஸ்டாண்டர்டே உறுதி தருகிறது. ஃபைலை மூடும் எஃப்க்ளோஸுக்கு அந்த உறுதி கிடையாது. அதனால், இரண்டாம் வாசலையும் அதே லேபிளுக்குத் திருப்பிவிடலாமே என்று யாராவது சொன்னால், ஃபைல் பாயிண்டர் அப்போது என்னவாக இருக்கும் என்று கேளுங்கள்.

நான்காம் படி: கோ-டூ ஏணி

கோ-டூவைக் கண்டதும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். சியில் எர்ரர் வழிக்கு அதைவிட நேர்மையான கருவி இல்லை என்பது என் கருத்து. வாங்கிய வரிசைக்குத் தலைகீழாக விடுவிக்கும் லேபிள்களை ஏணிப்படி போல அடுக்கிவிட்டால், எந்தப் படியில் தவறினாலும் அதற்குக் கீழே உள்ள படிகள் வழியாகவே இறங்குவோம். கெர்னல் ஸ்டைல் ஆவணமும் இதைத்தான் சொல்கிறது. லேபிளுக்கு "எர்ர்1, எர்ர்2" என்று எண் வைக்காமல், அது எதை விடுவிக்கிறதோ அதையே பெயராக வைக்கச் சொல்கிறது. ஒரே லேபிளில் எல்லாவற்றையும் விடுவிப்பதால், இன்னும் பிறக்காத ஸ்டிரக்சருக்குள் கைவிட்டு நல் பாயிண்டரைத் தொடும் பக்கையும் அதே இடத்தில் எச்சரிக்கிறது.

ஏணியைப் பார்க்கும்போது இரண்டு சோதனை. ஒவ்வொரு கோ-டூவும், கடைசியாக வெற்றிகரமாக வாங்கிய பொருளின் லேபிளுக்குப் போகிறதா? புதிதாக நடுவில் ஒரு படி சேர்ந்திருந்தால், அதற்குக் கீழே உள்ள எல்லா கோ-டூக்களும் புதிய படியைத் தொட்டு இறங்குகின்றனவா?

அடுத்தது, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி: தாவும் அந்த நொடியில் எர்ரர் வேரியபிளில் என்ன இருக்கிறது? 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக ஐஓஎஸ் 7.0.6 வெளியிட்டது நினைவிருக்கும். எஸ்எஸ்எல் கையெழுத்தைச் சோதிக்கும் ஃபங்ஷனில் "கோ-டூ ஃபெயில்" என்ற வரி இரண்டு முறை அடுத்தடுத்து வந்துவிட்டது. முதல் வரி இஃப்புக்குள் அடங்கியது. இரண்டாவது வரி உள்தள்ளலில் மட்டும் இஃப்புக்குள் இருப்பதுபோல் தெரிந்தது, உண்மையில் எப்போதும் ஓடியது. கடைசிச் சோதனை நடக்காமலே ஃபெயில் லேபிளுக்குத் தாவியபோது எர்ரர் வேரியபிளில் இருந்தது 0. அதாவது வெற்றி. லேபிளின் பெயர் ஃபெயில் என்பதால் அது தோல்வியைத்தான் திருப்பித் தரும் என்று கண் நம்பிவிடுகிறது.

இதே நோய் சிறிய அளவில் தினமும் வருகிறது. மாலாக் தோற்றது, கோ-டூ போட்டார், எர்ரர் எண்ணை வைக்க மறந்துவிட்டார். முந்தைய அழைப்பு வைத்த 0 அப்படியே ரிட்டர்ன் ஆகிறது. அழைத்தவர் வெற்றி என்று நினைத்துப் பாதி கட்டிய பொருளைப் பயன்படுத்துகிறார். கெர்னல் கோடுக்கான ஸ்மேட்ச் கருவி இதைப் பிடிக்கும். ஜிசிசி கம்பைலரில் 6-ஆம் பதிப்பு முதல் வந்த உள்தள்ளல் எச்சரிக்கை ஆப்பிள் வகை பக்கைப் பிடிக்கும். எச்சரிக்கைகளை அணைத்துவைத்திருக்கும் ப்ராஜெக்டில் கண்தான் கருவி.

கோ-டூ வேண்டாம் என்று ஜிசிசியின் கிளீனப் அட்ரிபியூட்டைப் பயன்படுத்தும் கோடும் பெருகிவருகிறது. லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி வெகுநாளாக அப்படித்தான் எழுதுகிறது, கெர்னலுக்குள்ளும் 2023-இல் அதற்கான மேக்ரோக்கள் வந்தன. வேரியபிள் ஸ்கோப்பைவிட்டுப் போகும்போது தானாக விடுவிக்கும். அங்கே வாசல் கணக்கு குறையும், ஆனால் இரண்டு புதிய குழிகள் உண்டு. அறிவிக்கும்போதே நல் என்று வைக்காவிட்டால், சீக்கிரமாக ரிட்டர்ன் ஆகும் வழியில் குப்பை முகவரியை விடுவிக்கும். வெற்றியில் பாயிண்டரை வெளியே கொடுக்கும்போது அதைக் கழற்றிக் கொடுக்காவிட்டால், விடுவித்த மெமரியைக் கையில் கொடுத்து அனுப்பும்.

ஐந்தாம் படி: ரீஅலாக்கும் அளவுக் கணக்கும்

வாங்கிய மெமரியின் அளவை மாற்றும் ரீஅலாக்கின் விடையை அதே பாயிண்டரில் வாங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். தோற்றால் அது நல் தரும், பழைய மெமரி அப்படியே இருக்கும், ஆனால் அதன் முகவரி நம் கையைவிட்டுப் போயிருக்கும். வேறு வேரியபிளில் வாங்கி, சோதித்து, அப்புறம்தான் மாற்ற வேண்டும்.

அளவு 0 ஆனால் என்ன ஆகும் என்பது இன்னும் ஆபத்து. நெட்வொர்க்கில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்லில் 2016 நவம்பரில் வெளியான சிவிஇ-2016-8619 என்ற பாதுகாப்புக் குறை இதற்கு அருமையான பாடம். கெர்பரோஸ் (அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை) கோடில் நெட்வொர்க்கிலிருந்து ஒரு நீளத்தைப் படித்து அதை ரீஅலாக்குக்குக் கொடுத்தார்கள். எதிர்முனை 0 என்று அனுப்பினால், ரீஅலாக் பழைய மெமரியை விடுவித்துவிட்டு நல் திருப்பியது. நல் வந்ததால் இது சாதாரணத் தோல்வி, பழைய மெமரி இன்னும் நம்முடையது என்று எர்ரர் வழி நினைத்தது. ஒழுங்காக ஃப்ரீ செய்தது. இரட்டை ஃப்ரீ! எர்ரர் கையாளுதல் இல்லாததால் வந்த பக் அல்ல இது. அக்கறையாக எழுதிய எர்ரர் வழிதான் பக்காக மாறியது. சி23 ஸ்டாண்டர்ட் இப்போது ரீஅலாக்குக்கு 0 கொடுப்பதையே வரையறுக்காத நடத்தை என்று அறிவித்துவிட்டது. மாலாக்குக்கு 0 கொடுத்தாலும் நல் வரலாம், வராமலும் போகலாம்.

அளவு எங்கிருந்து வருகிறது என்று எப்போதும் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். எண்ணிக்கையையும் ஒன்றின் அளவையும் மாலாக்குக்குள்ளேயே பெருக்கினால், பெருக்கல் வழிந்து சிறிய எண்ணாகி, சிறிய மெமரியில் பெரிய தரவு எழுதப்படும். இன்றைய காலாக்குகள் பெருக்கலைச் சோதிக்கும். ஓபன்பிஎஸ்டியில் 2014-இல் பிறந்து 2017-இல் லினக்ஸின் சி நூலகமான கிளிப்சிக்கும் வந்த ரீஅலாக்-அரேயும் சோதிக்கும். வெளியாள் சொல்லும் நீளத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் பக் போதும். "இவ்வளவு பைட் அனுப்பினேன்" என்று எதிர்முனை சொன்னதை ஓபன்எஸ்எஸ்எல் சோதிக்காமல் காப்பி செய்தது, ஒவ்வொரு கேள்விக்கும் 64 கேபி வரை சர்வரின் மெமரி வெளியே போனது. அந்தக் கோடும் ரிவ்யூவைத் தாண்டித்தான் உள்ளே வந்தது.

ஆறாம் படி: ஒப்பந்தம் விசித்திரமான ஃபங்ஷன்கள்

சில ஃபங்ஷன்களைக் கண்டதும் கை தானாக மேனுவலைத் திறக்க வேண்டும். ஒரு வரியைப் படிக்கும் கெட்லைன் தோற்றாலும் அது ஒதுக்கிய பஃபரை நாம்தான் விடுவிக்க வேண்டும். ஸ்னிபிரின்ட்எஃப் எழுதிய நீளத்தைத் தருவதில்லை, இடம் இருந்திருந்தால் எவ்வளவு எழுதியிருக்குமோ அதைத் தரும். ரைட் சிஸ்டம் கால் கேட்டதைவிடக் குறைவாக எழுதிவிட்டு வெற்றியாகத் திரும்பலாம். எழுதத் திறந்த ஃபைலில் எஃப்க்ளோஸின் விடையைப் பார்க்காவிட்டால், டிஸ்க் நிறைந்ததால் வந்த எர்ரரைத் தவறவிடலாம். எர்னோவை (கடைசி எர்ரர் எண்ணை) எர்ரர் வந்த உடனேயே எடுத்துவைக்க வேண்டும், நடுவில் ஒரு பதிவுச் செய்தி அச்சிட்டால்கூட அது மாறிவிடலாம்.

தரவை டிஸ்க்கில் எழுதி முடிக்கச் சொல்லும் எஃப்சிங்க் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தோற்றால் திரும்ப ஒருமுறை முயல்வதுதானே முறை என்று எவரும் நினைப்போம். 2018-இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் குழுவினர் கண்டது வேறு. லினக்ஸில் எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால், எழுதப்படாத பக்கங்களைக் கெர்னல் எழுதியாகிவிட்டதாகக் குறித்துவிடக்கூடும். இரண்டாவது எஃப்சிங்க் வெற்றி என்று சொல்லும், தரவு டிஸ்க்கில் இருக்காது. 2019 பிப்ரவரியில் வந்த 11.2 பதிப்பு முதல், எஃப்சிங்க் தோற்றால் டேட்டாபேஸையே நிறுத்திவிட்டு அதன் மாற்றப் பதிவிலிருந்து மீட்கும்படி மாற்றினார்கள். "திரும்ப முயல்" என்ற லூப்பை ரிவ்யூவில் கண்டால், அந்த அழைப்பைத் திரும்ப முயல்வதற்குப் பொருள் உண்டா என்று கேளுங்கள்.

கெர்னலில் ஒரு டிவைஸைப் பதியும் டிவைஸ்-ரெஜிஸ்டர் இன்னொரு விசித்திரம். அது தோற்றாலும் நேராக கே-ஃப்ரீ (கெர்னலின் ஃப்ரீ) செய்யக் கூடாது, ரெஃபரன்ஸைக் குறைக்கும் புட்-டிவைஸைத்தான் அழைக்க வேண்டும் என்று அதன் கமெண்டிலேயே எழுதியிருக்கிறது. எத்தனையோ பேட்ச்கள் இதில் வழுக்கியிருக்கின்றன.

"மெமரி லீக் சரிசெய்தேன்" என்று வரும் பேட்ச்

இந்தத் தலைப்போடு வரும் சிறு பேட்ச்சைத்தான் நான் மிக மெதுவாகப் படிப்பேன். எர்ரர் வழியில் ஒரே ஒரு ஃப்ரீ சேர்ந்திருக்கும். யாருக்குத்தான் மறுக்கத் தோன்றும்? ஆனால் லீக் என்றால் கொஞ்சம் மெமரி போகும், தவறான ஃப்ரீ என்றால் அடுத்தவர் உள்ளே நுழையக் கதவு திறக்கும்.

மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் இதையே சோதித்தார்கள். பார்வைக்கு நல்லதாகத் தெரியும் சிறு திருத்தங்களை லினக்ஸ் கெர்னலுக்கு அனுப்பினார்கள். விடுவித்த மெமரியைத் தொடும் பக்கை அந்தத் திருத்தங்கள் முழுமையாக்கும். 2021 ஏப்ரலில் விஷயம் வெடித்தபோது கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து பேட்ச் வாங்குவதை நிறுத்தி, பழைய 190 மாற்றங்களைத் திரும்பப் பெறும் தொகுப்பையும் அனுப்பினார். அவர்கள் செய்தது தப்பு, பராமரிப்பவர்களின் நம்பிக்கையோடு விளையாடியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எர்ரர் வழியில் சேரும் ஒரு ஃப்ரீயை எவ்வளவு எளிதாக நாம் நம்பிவிடுகிறோம் என்பதும் அதில் தெரிந்துவிட்டது.

அந்த மாதிரி பேட்ச்சில் கேட்க வேண்டியது: இந்த பாயிண்டரை இப்போது வேறு யார் பிடித்திருக்கிறார்கள்? டைமர், ஒர்க் கியூ, பட்டியல், இன்னொரு திரெட், கால்பேக்? அழைத்தவர் எர்ரரைப் பார்த்ததும் தானும் விடுவிக்கிறாரா? மூன்று அழைப்பாளர்களில் இரண்டு பேர் விடுவித்து, ஒருவர் மட்டும் மறந்திருந்தால், திருத்த வேண்டியது அந்த ஒருவரை.

ஏழாம் படி: தோற்க வைத்துப் பாருங்கள்

லினக்ஸில் சாதாரண அளவுக்கு மாலாக் தோற்பதே அபூர்வம். மெமரியை முன்கூட்டியே தாராளமாகக் கொடுத்துவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளும் வழக்கம் அதற்கு. "அப்போ எதற்குச் சோதனை?" என்று இளையவர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். மெமரிக்கு வரம்பு வைத்த புராசஸ், சிறு கருவிகள், வெளியாள் கொடுத்த பெரிய அளவு எல்லாம் மாலாக்கைத் தோற்க வைக்கும். எழுதிய சோதனை ஓடியதே இல்லை என்றால் அது வேலை செய்யும் என்று நம்பவும் இடமில்லை.

எஸ்கியூலைட் டேட்டாபேஸ் இதை அழகாகச் செய்கிறது. முதல் மாலாக் தோற்கும்படி வைத்து ஒரு டெஸ்ட்டை ஓட்டுவார்கள். அப்புறம் இரண்டாவது, மூன்றாவது என்று, தோல்வியே இல்லாமல் டெஸ்ட் முடியும்வரை. கர்லிலும் டார்ச்சர் டெஸ்ட் என்று இதே முறை உண்டு. உங்கள் ப்ராஜெக்டில் இது இல்லையென்றால் ஒரு மாலையில் கட்டிவிடலாம். நூ லிங்கருக்கு ரேப் ஆப்ஷன் கொடுத்து மாலாக் அழைப்புகளை உங்கள் ஃபங்ஷனுக்குத் திருப்புங்கள். உள்ளே ஒரு எண்ணி வைத்து, குறிப்பிட்ட எண் வந்ததும் நல் கொடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்ட்ர்டப் தன் நூலகத்துக்குள்ளேயே மாலாக்கை அழைப்பதால் இந்த வலையில் சிக்காது, அதற்குத் தனி உறை வேண்டும். கெர்னலில் ஃபெயில்ஸ்லாப் இதே வேலையைச் செய்யும்.

ஓட்டும்போது அட்ரஸ் சானிடைசரோடு (மெமரித் தவறுகளைக் காட்டும் சோதனையோடு) கம்பைல் செய்யுங்கள். இல்லாவிட்டால் இரட்டை ஃப்ரீயும் விடுவித்த மெமரியைத் தொடுவதும் சத்தமில்லாமல் கடந்துபோகலாம். மறுபடி கம்பைல் செய்ய முடியாத இடத்தில் அதே மாதிரி வேலைக்கு வால்கிரைண்ட் கருவி. ஜிசிசி 10 முதல் வரும் அனலைசர் ஆப்ஷனையும் ஓட்டிப் பாருங்கள், அதன் பொய் எச்சரிக்கைகளுக்கு நடுவே நல்ல பிடிகளும் கிடைக்கும். லீக் சோதனைக்கருவி ஒரு குளோபல் பாயிண்டர் இன்னும் காட்டிக்கொண்டிருக்கும் மெமரியை லீக் என்று சொல்லாது. வளர்ந்துகொண்டே போகும் பட்டியலைப் பிடிக்க, அதே எர்ரர் வழியைப் பத்தாயிரம் முறை லூப்பில் ஓட்டி மெமரி ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் வழி.

கமெண்ட் எழுதுவது

"எர்ரர் ஹேண்டிலிங் சரியில்லை" என்று எழுதினால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது, மனசு மட்டும் நோகும். வழியை எழுதுங்கள். மேலே பார்த்த உதாரணத்துக்கு நான் இப்படி எழுதுவேன்: "சரிபார் தோற்றால் இங்கே வருகிறோம். அப்போது பஃபர் ஏற்கனவே தரவு என்று அமைக்குள் போய்விட்டது. லேபிள் பஃபரை ஃப்ரீ செய்த பிறகு, அமைப்பை அழி அதையே மறுபடி ஃப்ரீ செய்யும். பிரி வெற்றியானதும் பஃபரை நல் ஆக்கினால் போதும் என்று நினைக்கிறேன், நான் எதையாவது கவனிக்காமல் விட்டிருந்தால் சொல்லுங்கள்." நாம் தப்பாகப் படித்திருந்தால் எந்த இடத்தில் என்று அவரால் உடனே காட்ட முடியும். சரியாகப் படித்திருந்தால் திருத்தம் பத்து நிமிட வேலை.

கணக்குத் தாளில் வாசல்கள் பன்னிரண்டைத் தாண்டி, என்னால் தலைக்குள் வைத்துக்கொள்ள முடியாமல் போனால், வாங்கும் பகுதியையும் வேலை செய்யும் பகுதியையும் தனித்தனி ஃபங்ஷனாகப் பிரிக்கச் சொல்லிவிடுவேன். எனக்கே புரியாத கோடுக்கு "சரி" போடுவதில்லை.

இரண்டாம் பதிப்பு வந்ததும் பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுங்கள். எழுதியவர் நாம் சொன்னதைத் திருத்தும்போது லேபிள்களின் வரிசையை மாற்றியிருப்பார், அல்லது பட்டியலில் சேர்ப்பதைக் கடைசிக்குத் தள்ளியதோடு அதற்கு ஒரு லாக்கும் எடுத்திருப்பார். அந்த லாக்குக்கும் வாசல்கள் உண்டு.